கேஸ் ஷீட் கைக்கு வந்த விதம்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தபின் கிருமித்தொற்று ஏற்பட்டு, மீண்டும் இருபது நாள் படுக்க வேண்டியதாயிற்று. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருப்பதால், நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம் என்றார் வழக்கறிஞர். ஆனால் சிகிச்சை ஆவணங்கள் இல்லாமல் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வழியில்லை.

ஆவணப் பிரிவுக்கு நான்கு முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் "ரிப்போர்ட் வேண்டும்" என்றே கேட்டேன். அவர்களும் வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை.

கேட்ட சொல்லில்தான் பிழை இருந்தது. கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சை விவரங்களைப் பதியும் கோப்பு), அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் பதிவு என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அம்மாவின் கையெழுத்துடன், 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதையும் சுட்டி, ஒப்புகை அட்டையுடன் அஞ்சலில் அனுப்பினேன். கடிதம் சேர்ந்த மூன்றாம் நாள் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள அழைப்பு வந்தது. அன்றுதான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

செவிலியர் பதிவில் இரவு 2 மணிக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று நீல மையில் எழுதியிருந்தது. மருத்துவர் வந்து பார்த்த குறிப்போ மறுநாள் மாலையில்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாவட்டம், மாநிலம் என எந்த நிலை ஆணையத்தில் மனுச் செய்வது என்பதிலும் முதலில் தவறாகக் கணக்கிட்டிருந்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை முடிவுசெய்ய நாம் கேட்கும் இழப்பீட்டைப் பார்ப்பதில்லை, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைத்தான் பார்க்கிறது. ஆகவே, கட்டண ரசீதுகளை இணைத்து, இரண்டாண்டுக் காலக்கெடு முடியுமுன் மாவட்ட ஆணையத்திலேயே மனுவைத் தாக்கல் செய்தோம்.