சமூக மரபுத் திட்டத்துக்கு நல்கை கேட்டு விண்ணப்பிப்பது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கு

வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய புகைப்படங்கள், கையால் எழுதிய கணக்குப் பதிவேடுகள், பாட்டிகளின் நினைவில் மட்டும் மிஞ்சியிருக்கும் பாடல்கள். இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்கைந்து பேர் கூடிப் பேச ஆரம்பித்தால், இரண்டாவது சந்திப்பிலேயே பணப் பேச்சு வந்துவிடும். "இதுக்கெல்லாம் கிராண்ட் கிடைக்குமாமே" என்று யாராவது ஒருவர் சொல்வார். உண்மைதான், நல்கை (கிராண்ட்), அதாவது திருப்பித் தர வேண்டாத நிதியுதவி, கிடைக்கும். உடனே எல்லோரும் விண்ணப்பப் படிவத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். அங்கேதான் நிற்கச் சொல்கிறேன். நான் எழுதியும் பிறருக்குத் திருத்திக் கொடுத்தும் பார்த்தவரையில், விண்ணப்பத்தின் பலம் படிவத்தைத் திறப்பதற்கு முந்தைய வாரங்களில்தான் உருவாகிறது.

விளக்கம் கையில் பிடிபட வேண்டும் என்பதற்காக ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சமூகத்தின் வீடுகளில் 3,000 பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய முதியவர்கள் 40 பேர் இருக்கிறார்கள். படங்களை டிஜிட்டலாக்க வேண்டும், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு நல்கை கேட்கப் போகிறோம்.

படி 1: முதலில் அந்த மக்களிடம் கேளுங்கள்

மரபு யாருடையதோ அவர்களுக்கு இந்த வேலை வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 2003-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுக்கான (பாடல், சடங்கு, கைவினை போன்றவை) உடன்படிக்கையே, எது மரபு என்று அடையாளம் காண்பதில் சமூகங்களுக்கும் குழுக்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறது. அதனால் இது வெறும் மரியாதைக்காகச் செய்யும் சடங்கு இல்லை. விண்ணப்பத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளர் தேடும் விஷயமே இதுதான்.

வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். எதைக் காட்டலாம் என்பதோடு எதைக் காட்டக் கூடாது என்றும் கேளுங்கள். இறந்தவர்களின் படத்தைப் பொதுவில் வைக்கச் சில குடும்பங்கள் விரும்பமாட்டார்கள். சடங்குப் பாடல் ஒன்றைக் குறிப்பிட்ட சிலர் மட்டுமே கேட்கலாம் என்றும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட வேலையைச் செய்தபோதுதான் 'முகுர்ட்டு' என்ற திறமூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருள் பிறந்தது. எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்யும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அதே மென்பொருளை நீங்களும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உங்கள் விண்ணப்பத்தில் பதில் இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சுகளின் முடிவில் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கட்டும். ஒன்று, எளிய மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம். படம் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள், பிறகு மனம் மாறினால் எப்படித் திரும்பப் பெறலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலில் பதிவு செய்யலாம். இன்னொன்று ஆதரவுக் கடிதம். "இந்தத் திட்டம் சிறப்பானது, வாழ்த்துகள்" என்ற கடிதத்தால் பயன் இல்லை. "எங்கள் வாசகசாலையின் ஒரு அறையை ஆறு மாதத்துக்குத் தருகிறோம், படங்களில் இருப்பவர்களை அடையாளம் காட்ட வாரம் ஒருமுறை வருகிறோம்" என்று எழுதியிருந்தால் அதற்கு எடை உண்டு.

படி 2: சின்னதாக ஒரு சோதனை செய்து பாருங்கள்

50 படங்களை இரவல் வாங்குங்கள். இரண்டு முதியவர்களோடு பேசிப் பதிவு செய்யுங்கள். இரவல் ஸ்கேனரும் கைப்பேசியும் போதும். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். பின்னால் பட்ஜெட் போடும்போது இந்தக் குறிப்பேடுதான் உங்களைக் காப்பாற்றும். தவிர, "நாங்கள் செய்வோம்" என்று எழுதுவதைவிட "50 படங்களில் செய்து பார்த்தோம், 20 படங்களில் பின்பக்கம் பெயர்கள் எழுதியிருந்தன, 6 படங்களில் பூஞ்சை இருந்தது" என்று எழுதுவது எவ்வளவு நம்பிக்கை தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: பொருந்துகிற இடத்தில் கேளுங்கள்

நல்கை தரும் ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு எல்லை உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் 2004 முதல் உலகம் முழுவதும் நல்கை தருகிறது. ஆனால் அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஆவணங்களுக்கானது. மூல ஆவணங்கள் அவை பிறந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதன் கொள்கை. நம் 3,000 படங்களும் 1970-களில் எடுத்தவை என்றால் அங்கே கேட்டுப் பயனில்லை. 20, 21-ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கென்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் தனியாக ஒரு நல்கைத் திட்டம் நடத்துகிறது. படங்களின் வயது ஒன்றே கதவை மாற்றிவிடுகிறது, பாருங்கள்.

அந்த அமைப்பு எதை மதிக்கிறது என்பதையும் கவனியுங்கள். பிரிட்டனின் தேசிய லாட்டரி மரபு நிதியம் விண்ணப்பங்களை நான்கு கொள்கைகளை வைத்துப் பார்க்கிறது: மரபைக் காப்பது, சுற்றுச்சூழலைக் காப்பது, எல்லோரையும் உள்ளடக்கிப் பங்கேற்க வைப்பது, அமைப்பு நிலைத்து நிற்பது. பொருளைக் காப்பாற்றுவது நான்கில் ஒன்றுதான். "இந்தப் படங்கள் அழிகின்றன" என்று மட்டும் பத்துப் பக்கம் எழுதியவருக்கு அங்கே ஏன் நிதி கிடைக்காது என்பது இப்போது புரியும்.

வழிகாட்டிக் குறிப்பை முழுவதும் படியுங்கள். அதே அமைப்பு முன்பு நிதி கொடுத்த திட்டங்களின் பட்டியலையும் பாருங்கள். நம்முடையதைப் போன்ற ஒன்றுகூட அதில் இல்லையென்றால் வேறு இடம் தேடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். முதலில் ஒரு சுருக்கமான விருப்ப விண்ணப்பம் வாங்கி, பொருந்தும் என்றால் மட்டும் முழு விண்ணப்பம் கேட்கிற அமைப்புகளும் உண்டு. அது உங்கள் உழைப்பை மிச்சப்படுத்தும் ஏற்பாடு, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: யார் பெயரில் விண்ணப்பிப்பது?

பல நல்கைகள் தனிநபருக்குக் கிடைக்காது. பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ, அதன் பெயரில் வங்கிக் கணக்கும் தணிக்கை செய்த கணக்கும் கேட்பார்கள். உங்களிடம் இவை இல்லையென்றால் ஒரு நூலகத்தையோ கல்லூரியையோ பங்காளியாகச் சேர்த்து, பணம் அவர்கள் வழியாக வரும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் யார் என்ன செய்வது, டிஜிட்டல் படிகள் யாருக்குச் சொந்தம் என்பதை முன்கூட்டியே எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வருவதற்குத் தனிச் சட்டமும் முன்அனுமதியும் உள்ள நாடு என்றால், விண்ணப்பிக்கும் முன்பே ஒரு தணிக்கையாளரிடம் கேட்டுவிட வேண்டும். நல்கை அறிவித்த பிறகு அனுமதிக்கு அலைந்தால் காலக்கெடு போய்விடும்.

படி 5: முழுத் திட்டத்தையும் ஒரே பக்கத்தில்

படிவத்தில் இருபது கேள்வி இருந்தாலும் முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன இருக்கிறது, அதற்கு என்ன ஆபத்து, ஏன் இப்போது, என்ன செய்யப் போகிறோம், முடிந்ததும் யாருக்கு என்ன மாறியிருக்கும்.

கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 3,000 படங்களும் 60 மணி நேரப் பதிவும் (40 பேருக்குத் தலா ஒன்றரை மணி நேரம்) நம் கையால் செய்து முடிக்கும் வேலை. அந்த வேலையால், ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் தங்கள் தாத்தாவின் முகத்தைப் பார்க்க முடிகிறது, பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவின் கதையைத் தாங்களே பதிவு செய்யக் கற்றுக்கொள்கிறார்கள் என்றால் அது வேறு. வெளியீடு (செய்து முடித்த வேலை), விளைவு (அதனால் வந்த மாற்றம்) என்று படிவங்கள் இவற்றைப் பிரித்துக் கேட்கும். இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதிவிடாதீர்கள்.

படி 6: வேலைத் திட்டமும் பட்ஜெட்டும்

இரண்டையும் ஒன்றாகவே போடுங்கள். வேலை அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்க வேண்டும், பட்ஜெட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அட்டவணையில் ஒரு வேலை இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள்.

சோதனையில் 50 படங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஆல்பத்திலிருந்து எடுத்து, தூசி துடைத்து, இரு பக்கமும் ஸ்கேன் செய்து, கோப்புக்குப் பெயர் வைப்பது எல்லாம் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 12 படங்கள். 3,000 படங்களுக்கு 250 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஒருவருக்கு 50 வேலை நாட்கள்.

அப்புறம் சேமிப்பு. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) கோப்பாக எடுத்தால் சுமார் 26 எம்பி வரும். இரு பக்கமும் சேர்த்து 3,000 படங்களுக்கு 156 ஜிபி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது நல்ல வழக்கம். ஆகவே 156-ஐ மூன்றால் பெருக்குங்கள். குரல் பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் (WAV) கோப்பாக எடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி.

இனி எல்லோரும் மறக்கும் வரி. 40 பேரிடம் தலா ஒன்றரை மணி நேரம் பேசினால் 60 மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். வட்டார வழக்கும் பல்போன வாயின் உச்சரிப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆறு மணி நேரம் என்றே வைத்தாலும் 360 மணி நேரம். ஸ்கேன் வேலையைவிட எழுத்தாக்கம்தான் பெரிய செலவு! அதை விட்டுவிட்டு ஸ்கேனர் விலையை மட்டும் பெரிதாகப் போட்ட பட்ஜெட்டைப் பார்த்தால், இவர்கள் வேலையைச் செய்து பார்த்ததில்லை என்பது அனுபவமுள்ளவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பேச நேரம் கொடுக்கும் முதியவர்களின் போக்குவரத்துச் செலவைப் போடுங்கள். எதிர்பாராச் செலவுக்கு வழிகாட்டி அனுமதிக்கும் அளவு ஒதுக்குங்கள். தன்னார்வலர்களின் உழைப்பையும் இலவசமாகக் கிடைக்கும் அறையையும் பொருள்வகைப் பங்களிப்பாகக் காட்ட இடம் இருந்தால் தவறாமல் காட்டுங்கள். பணம் தவணையாக வருமா, செலவு செய்த பிறகு திருப்பித் தருவார்களா என்றும் பாருங்கள். இரண்டாவது என்றால் கைமுதல் இல்லாத சின்னச் சங்கம் திணறிப்போகும். முன்பணம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 7: திட்டம் முடிந்த பிறகு?

என் முதல் விண்ணப்பம் இந்த இடத்தில்தான் தோற்றது. "நல்கைக் காலம் முடிந்தபின் இணையதளத்தை யார் பராமரிப்பார்?" என்று மதிப்பீட்டாளர் ஒரே வரி எழுதியிருந்தார். எங்களிடம் பதில் இல்லை. படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டாவது முறை, ஒரு நூலகம் கோப்புகளை ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வாங்கினோம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் படங்களின் பிரதியைக் கொடுப்பதாக எழுதினோம், இரண்டு இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தோம். இணையதளம் நின்றுபோனாலும் படங்கள் வீடுகளில் இருக்கும் என்ற ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

படி 8: எழுதி, வாசித்து, அனுப்புவது

கேட்ட கேள்விக்கு, கேட்ட சொல் அளவுக்குள் பதில் எழுதுங்கள். "தொன்மைமிக்க", "ஈடு இணையற்ற" போன்ற அடைமொழிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எண்ணையோ ஒரு படத்தின் கதையையோ வையுங்கள். திட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படித்தபின் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே திருத்துங்கள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கடைசி மணி நேரத்தில் இணையதளம் மெதுவாகும், கையெழுத்துப் போட வேண்டியவர் பயணத்தில் இருப்பார்.

படி 9: முடிவு வந்ததும்

கிடைக்கவில்லை என்றால் மதிப்பீட்டாளர்களின் கருத்தைக் கேட்டு வாங்குங்கள். தருவார்களென்றால் அதுவே அடுத்த விண்ணப்பத்துக்கு விதை. வந்த கருத்தை அந்த முதியவர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். படங்களைக் கொடுத்தவர்களிடம் சேதி சொல்லாமல் மறைந்துவிடுவதுதான் பெரிய தவறு.

கிடைத்தால், ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடும்வரை ஸ்கேனரை வாங்காதீர்கள். தொடக்கத் தேதிக்கு முந்தைய செலவைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே ரசீதுகளை ஒரே கோப்பில் சேருங்கள். பிறகு வேலையைத் தொடங்கும் வரிசையை ஒருமுறை மாற்றிப் போடுங்கள்: படங்கள் காத்திருக்கும், 85 வயதுக்காரரின் குரல் காத்திருக்காது. மூத்தவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.