தேங்காப்பட்டணம் முதல் பூவாறு வரை: கரையோரம் நடக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் கிடைத்தால் கடற்கரை வழியாகவே நடந்து கேரளத்துக்குள் போய்விடலாம் என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தடவையாவது தோன்றியிருக்கும். தேங்காப்பட்டணத்தில் தொடங்கி நீரோடி, பொழியூர், அப்புறம் பூவாறு. வரைபடத்தில் அளந்தால் சுமார் 14 கிலோமீட்டர். "மூணு மணி நேரத்துல முடிச்சிரலாம்" என்று சொல்லித்தான் நாங்கள் நான்கு பேர் முதல் தடவை கிளம்பினோம். அன்று பூவாறு கரையை மிதிக்கவே இல்லை.

அந்த 14 கிலோமீட்டரை நம்பியதுதான் முதல் தவறு. தார் ரோட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர், கால் புதையும் மணலில் மூன்று நடந்தாலே பெரிய விஷயம். ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே பக்கச் சரிவில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள், முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

அதைவிட, கரை நெடுக மணல் இருக்கிறது என்று யார் சொன்னது? தொடங்கின இடத்திலேயே குழித்துறை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் குறுக்கே கிடக்கிறது. மீன்பிடிப் படகுகளே கவிழ்ந்திருக்கிற இடம் அது. ஆற்றைப் பாலம் வழியாகச் சுற்றித்தான் கடக்க வேண்டும். அக்கரையில் இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று இடைவெளியே இல்லாமல் மீனவ ஊர்கள். கடலரிப்பு கடுமையான பகுதி. பல இடங்களில் வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் பாறாங்கல் அடுக்கிய தடுப்புச் சுவர் மட்டும்தான் உண்டு. நடுநடுவே அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கி நீட்டிய தூண்டில் வளைவுகள் வேறு. அந்தக் கல்மேல் தாவித்தாவிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பாசி வழுக்கும், சில கற்கள் ஆடும், இடுக்கில் கால் போனால் எலும்பு தப்பாது. மணல் முடிகிற இடத்தில் தெருவுக்கு ஏறிவிட்டு, மறுபடி மணல் கிடைத்ததும் இறங்குங்கள். இந்த நடையில் பாதி ரோடுதான் என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது.

பொழியை, அதாவது ஆறு கடலில் சேரும் வாயை, சாதாரணமாக எடுத்துக்கொள்வது இன்னொன்று. ஆள் சாகிற தவறு இது. பூவாற்றில் நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு நீண்டு கிடக்கும். ஆற்றில் நீர் குறைந்தால் அலை மணலைத் தள்ளி வாயை அடைக்கும். நீர் பெருகினால் உடைத்துக்கொண்டு போகும். அதனால் போன மாதம் ஒருவர் நடந்து கடந்த இடம் இந்த மாதம் ஆளை மூடும் ஆழமாக இருக்கலாம். கரையில் ஒரு சொட்டு மழை இல்லாமல் வெயில் அடிக்கும்போதே, மலையில் பெய்த மழைக்கு நெய்யாறு அணையின் ஷட்டரைத் திறந்திருப்பார்கள்.

நாங்கள் போன அன்று தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தாயிற்று. மீன் சட்டியோடு வந்த ஒரு பாட்டி, "எறங்காதீங்க மக்களே, தண்ணி வெளிய இழுக்குவு" என்றார். எங்களில் ஒருவனுக்குச் சிரிப்பு. அப்போதுதான் ஒரு வாழைமரம் ஆற்றோடு மிதந்து வந்தது. நிதானமாக வந்தது திட்டின் முனையில் சட்டென்று திரும்பி, நாங்கள் பத்து எண்ணுவதற்குள் அலைக்கு அப்பால் போய்விட்டது. சிரித்தவன் செருப்பை மாட்டிக்கொண்டான். பொழியைத் தாண்ட படகு உண்டு. விலையை ஏறுவதற்கு முன் பேசுங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். படகு இல்லையென்றால் ரோட்டு வழி, அவ்வளவுதான்.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் அமைதி என்று நம்புவதும் ஆபத்து. இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் அலை நேர அட்டவணையைப் பார்த்து மட்டும் பயனில்லை. கள்ளக்கடல்தான் இங்கே ஆளை ஏமாற்றுவது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் எழுப்பிய அலை, சில நாள் கழித்து, இங்கே காற்றே இல்லாத வேளையில் கரையேறும். கோடையில், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முந்தின ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை பாருங்கள். சிவப்பு என்றால் வீட்டில் தூங்குங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் திட்டமே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மணலை அள்ளிக்கொண்டு போயிருக்கும், நடக்கக் கரையே இருக்காது. டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். அப்போதும் காலை ஐந்தரைக்கே தொடங்கிவிடுங்கள். வடமேற்காக நடப்பதால் காலை வெயில் முதுகில் விழும். மதியத்துக்கு மேல் அதே வெயில் இடப்பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். நிழல் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, அவ்வளவு போதும். புது ஷூ வேண்டாம், மணல் புகுந்தால் அரை மணி நேரத்தில் கொப்புளம்.

ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் எடுக்காமல் போகிறவர்களும் உண்டு. இவை கத்தோலிக்க மீனவ ஊர்கள். ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள், காலையில் எல்லோரும் கோயிலில் திருப்பலிக்கு. வழியில் டீயும் புட்டும் கிடைக்கும் என்று வெறும் வயிற்றோடு போனால் பல கடை சாத்தியிருக்கும். வழி கேட்கக்கூட ஆள் இருக்காது. சனிக்கிழமை நடந்துவிட்டு ஞாயிறு ஓய்வெடுப்பது மேல். சனிக்கிழமையானால் கரையில் நின்றபடி கரமடி வலை இழுப்பதையும் பார்க்கலாம். இருபது முப்பது பேர் இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது நடுவில் புகுந்து படம் எடுக்காதீர்கள். விறைத்த கயிறு காலைத் தட்டிவிடும். இழுப்பவர்களுக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். உலர்த்தியிருக்கும் வலையை மிதிப்பதும் கூடாது.

பூவாற்றோடு நிற்காமல் ஆழிமலை, விழிஞ்ஞம், கோவளம் என்று நீட்ட ஆசைப்படுகிறவர்கள் பழைய பயணக் குறிப்புகளை வைத்துக்கொண்டு போக வேண்டாம். விழிஞ்ஞம் துறைமுகம் வந்த பிறகு முல்லூர் பக்கம் கரை வழி கிடையாது. அந்தத் துண்டுக்கு பஸ்தான்.

திரும்பி வருவதற்குப் பூவாறிலிருந்து களியக்காவிளை போய் நாகர்கோவில் பஸ் பிடிக்க வேண்டும். ஈரத்துணியைப் போட ஒரு தனிக் கவர் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டப் பையை மடியில் வைத்தால் பக்கத்து சீட்டுக்காரர் மலையாளத்தில் திட்டுவார், நமக்கும் நன்றாகவே புரியும்.