விமானி உரிமம்: எழுத்துத் தேர்வையும் பறத்தலையும் சேர்த்துப் படித்தல்

பயிற்சிக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். சர்வதேச விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்றும் தேவை. பின்னாளில் இதையே தொழிலாக்கும் எண்ணம் இருப்பவர் தொடக்கத்திலேயே முதல் வகுப்புக்குப் போய்விடுவது நல்லது. தனியார் உரிமத்துக்குச் சர்வதேச விதி கேட்கும் 40 மணி நேரப் பறத்தல் குறைந்தபட்ச அளவுதான். பலருக்கும் அது போதாது என்பதை வரவுசெலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

எழுத்துத் தேர்வுகளில் வான்சட்டம் பெரும்பாலும் மனப்பாடம். இரண்டு வாரம் ஊன்றிப் படித்தால் முடிந்துவிடும். வானிலையியலும் நேவிகேஷனும் அப்படியல்ல. வினா வங்கியை உருப்போட்டுத் தேர்ச்சி பெறலாம்தான், ஆனால் எண்களை மாற்றிக் கேட்டால் அந்தப் படிப்பு கைகொடுக்காது.

ஓர் எடுத்துக்காட்டு: 90 கடல் மைல் பயணத்தில் 30 மைல் பறந்தபின், பாதையிலிருந்து 2 மைல் வலப்புறம் விலகியிருப்பதாக வரைபடத்தில் தெரிகிறது. அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகல் ஒரு பாகை என்ற கணக்கின்படி பிழை 4 பாகை. இடப்புறம் 4 பாகை மட்டும் திருப்பினால் விமானம் பாதைக்கு இணையாகப் பறக்குமே தவிர இலக்கை அடையாது. மீதமுள்ள 60 மைலில் அந்த 2 மைலை ஈடுகட்ட மேலும் 2 பாகை, ஆக மொத்தம் 6 பாகை திருப்ப வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிடுபவர்களே அதிகம், விடைத் தெரிவுகளில் 4 என்பதும் தவறாமல் காத்திருக்கும்.

ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை பற்றிய பாடத்தையும் இப்படிக் கணக்கோடு படிக்க வேண்டும். நேர்ப்பறத்தலில் 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கைகள் தாங்கும் சுமை இரட்டிப்பாவதால், சுமார் 71 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். இதைத் தாளில் போட்டுப் பார்த்த வாரத்திலேயே பயிற்சியாளருடன் செங்குத்தான திருப்பங்களைப் பழகினால், கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னுக்கு இழுக்கும் கைக்கே அந்தப் பாடம் புரிந்துவிடும்.

காக்பிட் நடைமுறைகளுக்குப் பறத்தல் நேரத்தைச் செலவிடுவது வீண். வீட்டில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, கருவிப் பலகையின் படத்தை எதிரே ஒட்டி, சரிபார்ப்புப் பட்டியலையும் ரேடியோ பதில்களையும் வாய்விட்டுச் சொல்லிக் கையால் தொட்டுப் பழகலாம். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தேர்வு முடிவுகளுக்குப் பல நாடுகளில் காலாவதி உண்டு. ஆகவே எல்லாத் தாள்களையும் முதலிலேயே எழுதி முடித்துவிட்டுப் பறத்தலை இழுத்தடிக்காமல், கடைசித் தாளைப் பறத்தல் சோதனைக்குச் சில மாதங்களுக்கு முன்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.