டிஷ் டிவியில் நம்ம ஊர் மழை தெரியுமா?

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் வீடு வீடாக டிஷ் மாட்டுவது என் தொழில். ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: "தம்பி, மழை எப்ப வரும்னு பாக்கத்தான் டிவியைப் போடுறோம். மழை வந்தா டிவியே போயிடுதே!"

புகார் நியாயமானது. ஆனால் அதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. மழையில் டிஷ் ஏன் படுத்துக்கொள்கிறது என்பது ஒன்று. படுக்காமல் இருந்தாலும் நம்ம ஊர் மழையை அது சொல்லுமா என்பது இன்னொன்று.

முதலாவதைப் பார்ப்போம். வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலை கேயூ பேண்ட், 11-12 கிகாஹெர்ட்ஸ் அளவில். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கும், சிதறடிக்கும். கேபிள்காரர் மொட்டை மாடியில் வைத்திருக்கும் பெரிய டிஷ் சி பேண்டில், 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது. அது அவ்வளவாக மழைக்கு அசையாது. அதனால்தான் உங்கள் வீட்டில் "சிக்னல் இல்லை" என்று வரும்போது கேபிள் வைத்திருக்கும் எதிர்வீட்டில் சீரியல் ஓடுகிறது. மேகம் கறுத்தால் மட்டும் சிக்னல் போகாது. துளி கனமாக விழ வேண்டும்.

இதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. புரட்டாசியிலேயே ஒரு வெயில் நாளில் டிஷ்ஷை மறுபடி திருப்பி, செட்டாப் பாக்ஸ் மெனுவில் 'சிக்னல் குவாலிட்டி' உச்சத்துக்கு வரும்படி முடுக்கச் சொல்லுங்கள். 'ஸ்ட்ரெங்த்' கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், குவாலிட்டிதான் கணக்கு. எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி நுனியில் நின்று சிக்னலை வாங்கும் கருவி) கேபிள் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காதபடி ரப்பர் டேப் சுற்ற வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் போட்டால் சிக்னலை வாங்கும் பரப்பு இரண்டேகால் மடங்கு. சாதாரண மழையைத் தாண்டிவிடும். அடைமழையில் அதுவும் போகும். அப்படிப் போகாது என்று யாராவது அடித்துச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில். (டிஷ்ஷின் முகம் இன்னும் தாழ்ந்து பார்ப்பது போலத் தெரியும். எல்என்பியை நடுவில் வைக்காமல் கீழே தள்ளி வைத்த ஆஃப்செட் டிஷ்ஷின் அமைப்பு அது.) ஆக, உங்கள் வீட்டுக்கு வரும் அலை தென்கிழக்கே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தூரத்து மழையையும் கடந்துதான் வருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து மழை வந்தால், முற்றத்தில் துளி விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே படம் கட்டம் கட்டமாக உடையும். துணி எடுக்க அந்த நேரம் போதும். கோடையில் மேற்கே உருண்டு திரண்டு வரும் மழைக்கு இந்தச் சூட்சுமம் பலிக்காது.

இனி இரண்டாவது விஷயம், சேனல் என்ன சொல்கிறது என்பது. செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தி சேனல் சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே படத்தைத்தான் அனுப்புகிறது. திருத்துறைப்பூண்டிக்கென்று தனியாக எதையும் அனுப்ப அதில் வழியில்லை. அவர்கள் வாசிப்பது பெரும்பாலும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. அதைப் புரிந்து கேட்டால் பயனுண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதி மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள். 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. 'பல இடங்களில்' என்றால் முக்கால் பங்கு வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் அதற்கும் மேல். கனமழை என்பது 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20 செ.மீ., அதி கனமழை 21 செ.மீ.யும் அதற்கு மேலும். மழை அளவை காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை கணக்கிடுகிறார்கள். "ஓரிரு இடங்களில் கனமழை" என்பதை "நம்ம வயலில் கனமழை" என்று கேட்டுக்கொண்டு அறுப்பு மிஷினைத் திருப்பி அனுப்பியவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர்.

"அடுத்த 3 மணி நேரத்தில்" என்று கீழே ஓடும் எழுத்துகளில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு: எந்த 3 மணி நேரம்? காலையில் வந்த எச்சரிக்கை மதியமும் ஓடிக்கொண்டிருக்கும். அதையே வானிலைத் துறையின் மௌசம் தளத்தில் மாவட்ட வாரியாகப் பாருங்கள். வெளியிட்ட நேரமும் முடியும் நேரமும் அதிலேயே இருக்கும். டிவியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறதா, ரெட் அலர்ட்டா, பள்ளிக்கூடம் லீவா என்பதற்கெல்லாம் டிவி போதும். லீவு விஷயத்தில் உள்ளூர் கேபிள் சேனல் இன்னும் வேகம்.

சாயங்காலம் நெல்லைக் களத்தில் கொட்டலாமா, உப்பு வாரலாமா என்பதற்கு ரேடார்தான். எங்களுக்கு வாய்த்தது காரைக்கால் ரேடார், வேதாரண்யத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். மௌசம் தளத்தில் ரேடார் பக்கத்துக்குப் போய் காரைக்காலைத் தேர்ந்தெடுத்து, மேக்ஸ் இசட் என்ற படத்தைத் திறங்கள். படத்தில் அச்சாகியிருக்கும் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 10.30 என்று இருந்தால் மாலை 4 மணி. இதைக் கூட்டாமல் "பழைய படம்" என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். நிறங்களுக்குப் பக்கத்தில் எண் இருக்கும். 20 என்றால் தூறல், 40க்கு மேல் நல்ல மழை, 50ஐத் தாண்டினால் இடியோடு கொட்டும்.

ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். படத்தைப் போனில் சேமித்து, அரைமணி கழித்து இன்னொன்று சேமித்து ஒப்பிடுங்கள். மழைத்திட்டு அரைமணியில் 15 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் மணிக்கு 30. உங்கள் ஊர் இன்னும் 60 கிலோமீட்டரில் இருந்தால், அந்தத் திட்டு கரையாமல் வந்தால், இரண்டு மணி நேரம் இருக்கிறது. கரைகிறதா வளர்கிறதா என்பது மூன்றாவது படத்தில் தெரியும். கார்த்திகை மழை கடலில் திரண்டு பின்னிரவிலும் விடிகாலையிலும் கரையோரத்தைப் பிடிப்பது வழக்கம். ஆகவே படுக்கும் முன் ஒருமுறை, விழிப்பு வந்தால் இன்னொருமுறை கடல் பக்கத்தைப் பாருங்கள்.

ரேடார் படம் வராத நாளில் இன்சாட் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. இன்சாட்-3டிஆர் போன்றவை, 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் உட்பட, உங்கள் டிவி செயற்கைக்கோள் நிற்கும் அதே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று படம் எடுப்பவை. அதில் வெள்ளையாகத் தெரிவது மேகத்தின் உச்சி. வெள்ளை இருக்கும் இடத்திலெல்லாம் மழை இல்லை. மெலிந்த உயர்மேகமும் வெள்ளையாகவே தெரியும்.

சம்பா அறுவடைக்கு நாள் குறிப்பவர்களுக்கு மேகதூத் செயலி. தமிழிலேயே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஐந்து நாள் கணிப்பும் பயிர் ஆலோசனையும் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் கேட்கிறார்கள் அல்லவா, காயப்போட இரண்டு நல்ல வெயில் எப்போது கிடைக்கும் என்று பார்க்க இது உதவும். 2024 ஜனவரியில் தொடங்கிய மௌசம்கிராம் பக்கத்தில் உங்கள் ஊருக்கே மணி வாரியாகக் கணிப்பு கிடைக்கிறது. மணியை அப்படியே நம்பாமல் போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் வாங்கும்போதே அதில் இருக்கும் வானிலைச் செயலி எனக்குப் பிடிக்காது. நாலு மணிக்கு ஒரு இடி பொம்மை போடும், மூன்று மணிக்கு அதை எடுத்துவிடும். அதைவிட விண்டி செயலியில் ஐரோப்பிய கணிப்பையும் அமெரிக்க கணிப்பையும் அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். முட்டிக்கொண்டால் நாளைக்கு முடிவெடுங்கள்.

இடிக்கு தாமினி. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுந்தால் அந்தச் செயலி சொல்லும். சொன்னவுடன் டிவி பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. செட்டாப் பாக்ஸில் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். எங்களிடம் வரும் எரிந்த பாக்ஸ்களில் பல அந்த வழியாகத்தான் எரிந்தவை. மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

புயல் என்றால் கணக்கு வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, டவர்கள் செத்து, டிவி, போன், செயலி எல்லாம் ஒரே இரவில் போயின. மிஞ்சியது பேட்டரி ரேடியோ. ஆகாசவாணி திருச்சியோ காரைக்காலோ எடுக்கும் ஒரு சின்ன ரேடியோவையும் புது பேட்டரிகளையும் வீட்டில் வைத்திருங்கள். ஸ்டேஷனை இப்போதே தேடிப் பிடித்து, முள் நிற்கும் இடத்தில் பேனாவால் குறித்துவிடுங்கள். போன் இயங்கினால் மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநிலத்துக்கு 1070.

புயல் எச்சரிக்கை வந்தால், காற்று எழும்புவதற்கு ஒரு நாள் முன்பே டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். காற்றில் பிய்ந்து பறக்கும் தகடு கழுத்தை அறுக்கும். கழற்றும் முன் கம்பத்திலும் கிளாம்பிலும் சேர்ந்தாற்போல் பெயிண்டால் ஒரு கோடு, சாய்வு போல்ட் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுவிட்டால், திரும்ப மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்து முடுக்கினாலே சிக்னல் பக்கத்தில் வந்து நிற்கும். எனக்குப் போன் போட வேண்டியதில்லை.