லத்தீனில் எண்ணுப்பெயர்களை உருமாற்றுவது எப்படி?

மதுரையில் லத்தீன் பயிலத் தொடங்குவோர் எண்ணுப்பெயர்களில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். 'இரண்டு கோபுரங்களின்' என்று நாம் சொல்லும்போது வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் இறுதியில் மட்டுமே ஏறும். 'இரண்டு' அப்படியே நிற்கும். லத்தீனிலோ சில எண்கள் பெயரோடு சேர்ந்து தாமும் உருமாற வேண்டும். அந்தச் சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

எண்ணை எழுதும் முன்பு பெயர்ச்சொல்லின் பாலையும் வேற்றுமையையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். பால் என்பது அங்கே சொல்லுக்கு உரியது, பொருளுக்கு அன்று. ஆகவே நமக்கு அஃறிணையாகிய கோபுரம் 'துர்ரிஸ்' என்னும் பெண்பாற்சொல்லாகவும், கோவில் 'தெம்ப்லும்' என்னும் நடுப்பாற்சொல்லாகவும் வரும்.

ஒன்றுக்கு ஆண்பாலில் ஊனுஸ், பெண்பாலில் ஊனா, நடுப்பாலில் ஊனும். ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நாமே பால் பிரித்துச் சொல்வதால் இது நமக்கு எளிதில் பதியும். ஆறாம் வேற்றுமையில் முப்பாலுக்கும் ஊனீயுஸ், நான்காம் வேற்றுமையில் ஊனீ.

இரண்டுக்கு அதே வரிசையில் துவோ, துவை, துவோ. இரண்டு கோபுரங்கள் 'துவை துர்ரேஸ்'. இரண்டு கோபுரங்களின் என்றால் 'துவாரும் துர்ரியும்'. இரண்டு கோபுரங்களுக்கு என்றால் 'துவாபுஸ் துர்ரிபுஸ்'. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதே சிறந்த பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. மூன்றுக்கு ஆண்பாலிலும் பெண்பாலிலும் த்ரேஸ், நடுப்பாலில் த்ரியா.

நான்கு முதல் நூறு வரை மாற்றமே இல்லை. மீனாட்சியம்மன் கோவிலின் நான்கு வெளிக்கோபுரங்கள் 'க்வாத்துவோர் துர்ரேஸ்'. அவற்றின் என்று சொல்ல வந்தாலும் 'க்வாத்துவோர் துர்ரியும்' என்றே எழுத வேண்டும். இருபத்தொன்று போன்ற கூட்டெண்களில் வரும் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் தம் இயல்புப்படி மாறும்.

இருநூறு முதல் தொள்ளாயிரம் வரையிலான நூறுகள் மீண்டும் பால் காட்டி மாறும். ஆயிரத்துக்குரிய 'மில்லே' மாறாது. ஆனால் இரண்டாயிரம் என்றதும் அது 'மீலியா' என்னும் பெயர்ச்சொல்லாகிவிடுவதால், எண்ணப்படும் பொருள் ஆறாம் வேற்றுமை ஏற்கும். ஆயிரம் தூண்கள் 'மில்லே கொலும்னை'. இரண்டாயிரம் தூண்கள் 'துவோ மீலியா கொலும்னாரும்', அதாவது தூண்களின் இரண்டு ஆயிரங்கள்.

நம் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். அதை எழுதிப் பாருங்கள்: 'நோன்கென்தை ஒக்தோகின்தா க்வீன்க்வே கொலும்னை'. தூண் பெண்பாற்சொல் என்பதால் தொள்ளாயிரம் மட்டும் பெண்பாலீறு பெற்றிருக்கிறது. எண்பதும் ஐந்தும் அசையவில்லை. இனி '985 தூண்களின்' என்று மாற்றினால், முதற்சொல் 'நோன்கென்தாரும்' என்றும் இறுதிச்சொல் 'கொலும்னாரும்' என்றும் ஆகும்.