நர்சிங் சீட் தேடும் வீடுகளில் நான் பார்க்கும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வட சென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் மின்கம்பங்களில் நோட்டீஸ் ஏறிவிடும். "நர்சிங் படிக்க ஆசையா? 8, 10, பிளஸ் டூ பாஸ், ஃபெயில் யாரும் சேரலாம். 100% வேலை." கீழே இரண்டு செல் நம்பர். நான் ஸ்டாஃப் நர்ஸ், பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான். மே, ஜூனில் தெருக்காரர்கள் மார்க் ஷீட்டோடு வீட்டுக்கு வருவார்கள். என்ன வருத்தமென்றால், பாதிப்பேர் பணம் கட்டிய பிறகுதான் வருவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா மகளைக் கூட்டி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர் போட்ட சான்றிதழ், தங்க நிற ஓரம், வலது மூலையில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். "டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்." ஒரு வருடம் படித்திருக்கிறாள். நர்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டால் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேட்கிறார்களாம். "ஐ.எஸ்.ஓ. முத்திரை இருக்கேக்கா, அப்புறம் என்ன?" என்றாள் அந்தப் பெண். ஐ.எஸ்.ஓ. முத்திரைக்கும் நர்ஸ் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்துப் பதிய முடியாது. ஏதாவது கிளினிக்கில் உதவியாளராக இருக்கலாம், அவ்வளவுதான். அதுவும் நேர்மையான வேலைதான். ஆனால் நர்ஸ் ஆகலாம் என்று சொல்லிப் பணம் வாங்கியது ஏமாற்று.

நர்சிங் என்ற ஒரே சொல்லுக்குள் பல படிப்புகள் இருப்பது தெரியாததுதான் முதல் தவறு. ஏ.என்.எம். 2 வருடம், கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கான வழி. ஜி.என்.எம். 3 வருட டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் 4 வருடப் பட்டம், இப்போது 8 செமஸ்டர். இவை தவிர 6 மாதம், 1 வருடம் என்று எதைச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங்கைத் தபால் வழியில் தருகிறேன் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

ஜி.என்.எம். மட்டம் என்று ஒதுக்குவதும் தவறுதான். அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) ஆள் எடுக்கும்போது டிப்ளமோ, டிகிரி இரண்டுக்குமே இடம் உண்டு. பின்னால் 2 வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். கடன் வாங்கி ஒரு சுமாரான கல்லூரியில் பட்டம் படிப்பதைவிட, அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமோ கிடைத்தால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். வீட்டில் கேட்க மாட்டார்கள், அது வேறு கதை.

பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று பிரித்துப் படித்திருந்தாலும் சரி. தகுதிக்கு இவற்றில் 45% போதும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40%. அந்த வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். தகுதி இருந்தால் சீட் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அரசுக் கல்லூரிக்கான போட்டி அதைவிட எங்கேயோ மேலே இருக்கும். மொத்த மார்க் 520 என்று பெருமையாகச் சொல்வார்கள். தரவரிசைக்கு அந்த மொத்தம் உதவாது, இந்த அறிவியல் பாடங்களின் மதிப்பெண்தான் கணக்கு.

"நீட் எழுதலையே, பரவாயில்லையா?" என்பது அடுத்த கேள்வி. தமிழக அரசின் பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடந்து வருகிறது. புதுச்சேரி ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். எய்ம்ஸ் தனியாகத் தேர்வு வைக்கிறது. அவற்றில் ஆசை இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட்டுக்குப் பிறகு யோசித்தால் ஒரு வருடம் போச்சு.

எங்கள் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. நேராக ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குப் போய் அப்ளிகேஷன் கேட்பது. பழைய ஜெயில் ரோட்டில் கேட் கேட்டாக அலைந்துவிட்டு வருவார்கள். பட்டப்படிப்புக்கான விண்ணப்பம் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில்தான், பாராமெடிக்கல் படிப்புகளோடு சேர்ந்து வரும். "உள்ளே ஆள் இருக்கு, முடிச்சுத் தரேன்" என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். தரவரிசைப்படி நடப்பதில் முடித்துத்தர எதுவும் இல்லை. கலந்தாய்வு முடியும் முன்பே பயந்துபோய்த் தனியார் கல்லூரியில் அட்வான்ஸ் கட்டுவதும் இதே வகைதான். அதே கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுச் சீட்டுக்கு ஒரு கட்டணம், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வேறு கட்டணம். கொஞ்சம் பொறுத்தால் குறைந்த கட்டணத்திலேயே கிடைக்கலாம்.

சரி, தனியார் கல்லூரிதான் என்று ஆகிவிட்டது. கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். லேபில் படுத்திருக்கும் பொம்மைக்கு ஊசி போட எல்லோரும் கற்றுவிடலாம். வலியில் கையை உதறுகிற குழந்தைக்கு நரம்பு கண்டுபிடிக்க வார்டில்தான் பழக முடியும். கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்க வேண்டும். நான் ஒரு பெண்ணோடு ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி வார்டில் கட்டில்கள் வரிசையாக இருந்தன, மெத்தைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இந்தப் பக்கம் பாதிப்பேர் பிறந்ததே ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில்தான், ஒரு பிரசவ வார்டு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணே திரும்பிப் பார்த்து, "வாக்கா, போலாம்" என்றாள். முன்கூட்டிச் சொல்லாமல் போய், மாதத்துக்கு எத்தனை பிரசவம், மாணவிகளை வேறு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டாம் வருட மாணவியைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் இன்னும் நல்லது.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, மாநில நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை சீட்டுக்கு அனுமதி என்பதையும் நீங்களே இணையத்தில் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகமென்றால் கவுன்சில் பட்டியல் முக்கியம். அவர்கள் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். பெங்களூரு கல்லூரிக்கு ஏஜென்ட் அழைத்தால் அந்த மாநிலப் பல்கலைக்கழகம், அந்த மாநிலக் கவுன்சில் இரண்டையும் பார்க்க வேண்டும். பிறகு இங்கே வேலை செய்ய, பதிவை இங்கே மாற்றிக்கொள்ளும் அலைச்சலும் உண்டு.

தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திருவொற்றியூரிலிருந்து பூந்தமல்லிக்கு அப்பால் தினமும் போய் வரலாம் என்பார்கள். பட்டம் வாங்க வார்டு டியூட்டியில் 100% வருகை வேண்டும். விட்ட நாளை ஈடு செய்தே ஆக வேண்டும். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, டியூட்டி முடித்து, இரவு ரெக்கார்டு எழுதும் பெண் இரண்டாம் செமஸ்டரிலேயே துவண்டுவிடுகிறாள். ஹாஸ்டல் செலவையும் முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். சேர்ந்த பிறகு ஒரிஜினலைக் கல்லூரி வைத்துக்கொள்வதற்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தடை போட்டிருக்கிறது. சரிபார்த்ததும் திருப்பி வாங்கிவிடுங்கள்.

கடைசியாக இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வம்', சாதிச் சான்றில் 'கவிதா செ'. என்னோடு படித்த ஒருத்திக்கு வெளிநாட்டு வேலை கூடி வந்தபோது மூன்று பெயரும் மூன்று ஆளாகத் தெரிந்தன. எட்டு மாதம் அலைந்து சரிசெய்தாள். இப்போது அவள் தம்பி மகள் பத்தாவது படிக்கிறாள். பப்ளிக் எக்ஸாம் பெயர்ப்பட்டியல் போகும் முன் பள்ளிக்கூடத்துக்கு ஆதாரோடு முதல் ஆளாகப் போய் நின்றவள் அத்தைதான்.