குறுக்கு விசாரணை: சாட்சியின் முரணைப் பதிவில் ஏற்றுவது எப்படி

ஜூரியின் முகம் பார்த்து வாதாடுவதெல்லாம் நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துபோனது. கிருஷ்ணகிரியானாலும் தருமபுரியானாலும் அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியை எடைபோடுபவர் நீதிபதி ஒருவரே. சாட்சியைக் கேட்ட நீதிபதி மாறுதலில் போய், அடுத்து வந்தவர் தீர்ப்பு எழுதுவதும் உண்டு. அவருக்கு சாட்சி கூண்டில் திணறியது தெரியாது. காகிதத்தில் உள்ளதுதான் தெரியும். ஆகவே பதிவில் ஏறாத முரண் முரணே அல்ல.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் இரவு எட்டரைக்கு வெட்டு விழுந்த வழக்கு என்று வைத்துக்கொள்வோம். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையில், "தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரி வெட்டியதைப் பார்த்தேன்" என்கிறார். (எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) போலீஸ் வாக்குமூலத்திலோ, "சத்தம் கேட்டு ஓடிப்போனேன், அவர் ரத்தத்தில் கிடந்தார்" என்று இருக்கிறது.

எதிரிக்காக வாதாடும் நீங்கள் உடனே வாக்குமூலத்தை நீட்டக் கூடாது. முதலில் நேரில் பார்த்ததாகச் சொல்வதை உறுதியாகச் சொல்ல வையுங்கள். போலீஸ் எப்போது விசாரித்தது, அப்போது நினைவு தெளிவாக இருந்ததா என்று கேளுங்கள். அதன்பின் அந்த வரியை மட்டும், ஒரு சொல் மாறாமல் படித்துக் காட்டுங்கள். ஒப்புக்கொண்டால் முரண் நிரூபணமாகிவிட்டது. மறுத்தால், "'சத்தம் கேட்டு ஓடிப்போனேன், அவர் ரத்தத்தில் கிடந்தார்' என்று போலீஸ் விசாரணையில் கூறினேன் என்றால் சரியல்ல" என்று பதிவாக வேண்டும். "போலீசில் வேறு மாதிரி சொன்னீர்கள்தானே?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பயனில்லை. அந்த வரி பதிவில் வராது.

இது பாதி வேலைதான். பின்னால் புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, அ.சா.1 தன்னிடம் அப்படித்தான் கூறினார் என்பதை அவர் வாயால் வாங்க வேண்டும். மறந்தால் முன்பு எடுத்த அத்தனையும் வீண். புதிய சாட்சியச் சட்டத்தின் 148, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 181 ஆகிய பிரிவுகள் இதற்கானவை, 1.7.2024-க்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டங்களின் 145, 162. 1959-இல் தாசில்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையை வகுத்திருக்கிறது.

தெருவிளக்கு பற்றி போலீசில் அவர் சொல்லவே இல்லை என்றால் அது விடுபாடு. முக்கியமான விடுபாடும் முரண்தான். அதையும் இதேபோல் இரண்டு கூண்டிலும் கேளுங்கள். சம்பவ இடத்தின் மாதிரி வரைபடத்தில் விளக்குக் கம்பம் இல்லாததை வரைந்த அதிகாரியிடம் கேளுங்கள், அ.சா.1-இடம் கேட்காதீர்கள். "விளக்கு இல்லாமல் எப்படிப் பார்த்தீர்கள்?" என்றால், "பக்கத்து வீட்டு லைட் எரிந்தது" என்று வழக்கின் ஓட்டையை அவரே அடைத்துவிடுவார்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வழக்குகளில் மொழியையும் கவனிக்க வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவரின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டிருக்கும். முரணைக் காட்டியதும், "மொழிபெயர்த்ததில் வந்த பிசகு" என்று அரசுத் தரப்பு சொல்லும். எனவே அவருக்குத் தமிழ் பேசத் தெரியும் என்பதை ஆரம்பத்திலேயே பதிவாக்குங்கள். உண்மையிலேயே தமிழ் தெரியாதவர் என்றால் உங்கள் முரணுக்கு வலுக் குறைவு; அந்த வாக்குமூலத்தை யார், எந்த மொழியில் கேட்டு எழுதினார் என்று அதிகாரியைக் கேட்பதே மேல்.

முன்விரோதம், முந்தைய தண்டனை பற்றிக் கேட்கலாம். அவற்றை மறுத்தால் ஆவணம் காட்டி உடைக்க புதிய சாட்சியச் சட்டத்தின் 156-ஆம் பிரிவு இடம் தருகிறது. நடத்தை பற்றிய மற்றக் கேள்விகளுக்கு அவர் சொன்ன பதிலே முடிவு. ஆதாரமின்றி மானத்தைத் தொடும் கேள்வியைக் கேட்கவே கூடாது, பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் கடந்தகாலம் பக்கம் போகவே கூடாது. சில்லறை முரண்களை அடுக்குவதாலும் பெரிய பலன் இல்லை. வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமத்தில் 1992-இல் அரசு அதிகாரிகளும் போலீசாரும் நடத்திய வன்கொடுமைக்கு தருமபுரி நீதிமன்றம் 2011-இல்தான் தீர்ப்புச் சொன்னது. அத்தனை ஆண்டு கடந்தும் அந்த மக்களின் சாட்சியம் நின்றது. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கடைசியில் உங்கள் தரப்பு வழக்கைச் சாட்சியிடம் நேராகச் சொல்லி மறுக்க வையுங்கள். சொல்லாமல் விட்டால், அவர் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக வாதிடுவார்கள்.

நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடிப்பதைக் கூடவே கவனியுங்கள். "ஞாபகமில்லை" என்பது "தெரியாது" என்று மாறினால் அர்த்தமே வேறு. சாட்சி கையெழுத்துப் போடுமுன் திருத்தச் சொல்லுங்கள். அதிகாரி வரும் நாளுக்கு முன்பே பதிவின் நகலை வாங்கி, ஒவ்வொரு "சரியல்ல"வுக்கும் எதிரே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.